தொட்டி போயிற்று! நஞ்சு?

"தொட்டியைக் காலி செய்தாயிற்று; குழியைத் தூர்த்தாயிற்று; கோப்பைக் கட்டி வைத்தாயிற்று. இனியும் என்ன கேள்வி?"

எரிபொருள் தொட்டி புதைந்திருந்த இடங்களில் எல்லாம் அதற்கு உடையவர்கள் ஓதும் மந்திரம் இது. மந்திரம் என்று நாம் கூறுவது ஏளனத்துக்காக அல்ல. மந்திரத்துக்கு உரிய இலக்கணம் அத்தனையும் இதற்கு உண்டு. ஓதுபவர் உயரத்தில் இருக்கிறார். கேட்பவர் கைகட்டி நிற்கிறார். பொருள் கேட்டால் புன்னகை, சான்று கேட்டால் சினம், மேலும் கேட்டால், "உனக்கென்ன தெரியும்?" என்ற உறுமல்! கருவறைக்குள் நுழையாதே என்றார்கள் அன்று. கணக்கேட்டுக்குள் நுழையாதே என்கிறார்கள் இன்று. செம்பில் வந்த தீர்த்தத்தையும் கேள்வி கேட்காமல் குடிக்க வேண்டும். குழாயில் வரும் குடிநீரையும் கேள்வி கேட்காமல் குடிக்க வேண்டும். கட்டளை மாறவில்லை; கட்டளையிடுவோரின் உடைதான் மாறியிருக்கிறது.

கட்டளையை விட்டுவிட்டு மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எஃகுத் தொட்டி ஈர மண்ணில் கிடக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் துரு அதைத் தின்கிறது. ஊசி முனை அளவு ஓட்டை போதும். சொட்டுச் சொட்டாக எரிபொருள் கீழே இறங்குகிறது. மணலின் இடுக்கு, பாறையின் வெடிப்பு, பழைய குழாய் சென்ற பள்ளம் என்று வழி கிடைத்த பக்கமெல்லாம் செல்கிறது. நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கிறது. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை அல்லவா? கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தால் எண்ணெயும் தாழ்கிறது; மழையில் நீர்மட்டம் உயர்ந்தால் எண்ணெயும் உயர்கிறது. ஏறி இறங்கும் வழியெங்கும் மண்ணில் பூசிக்கொள்கிறது. அந்தப் பூச்சிலிருந்து பென்சீன், தொலுயீன், சைலீன் முதலிய பொருள்கள் சிறுகச் சிறுக நீரில் கரைந்து, நீர் ஓடும் திசையில் நகர்கின்றன.

ஆகவே, தொட்டியைத் தோண்டி எடுத்தால் கசிவு நிற்கும். கசிந்தது நிற்காது! பாலைக் கொட்டிவிட்டுப் பானையை அப்புறப்படுத்தினால் தரை காய்ந்துவிடுமா?

"நீர் தெளிவாகத்தானே இருக்கிறது? நாற்றமும் இல்லையே!" என்பார்கள். கண்ணுக்கும் மூக்கும் எட்டாதது இல்லாததாகிவிடுமா? பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் அது 1 லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது அமெரிக்க அரசின் வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி எடுத்த ஒரு பங்கு. அந்தக் கணக்கில், ஒரே ஒரு கிராம் பென்சீன் 2 லட்சம் லிட்டர் நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். மூக்கு உணர்வதற்கு வெகு முன்பே நீர் கெட்டுவிடுகிறது. 1854-இல் இலண்டன் மாநகரில் காலரா பரவியபோது, பிராட் தெருக் குழாயின் நீரும் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஜான் சுனோ என்னும் மருத்துவர் கண்ணை நம்பவில்லை. சாவுகளை எண்ணினார், வீடுகளைக் குறித்தார், குழாயைக் காட்டினார். அறிவு செய்த வேலை அது.

இது ஏதோ ஓரிரு ஊர்களின் தொல்லையா? பெட்ரோலைப் பெருக்கிய நாடான அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடித் தொட்டிகளைக் கட்டுப்படுத்த அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் செய்தது 1984-இல். அதற்குப் பிறகு அரசு உறுதி செய்து பதிவு செய்த கசிவுகளின் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் மேல்! கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரத்தில், காற்று மாசு குறைய வேண்டும் என்று பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்னும் பொருள் நிலத்தடி நீரில் கலந்தது. 1996-இல் அந்நகரம் தன் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது.

ஆயினும், இவை அனைத்தையும் விஞ்சிய பாடம் ஒன்று உண்டு. அது ஹவாய்த் தீவுகளில் கிடைக்கிறது.

ஒவாகு தீவில், பேர்ள் துறைமுகத்துக்கு அருகில் ஒரு மலை. பெயர் ரெட் ஹில். சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரிக்கும் வெள்ளைக்காரன் இட்ட பெயர் ரெட் ஹில்ஸ்தான்! இங்கே செங்குன்றத்தில் நீரைச் சேர்த்து வைத்தோம். அங்கே செங்குன்றத்தைக் குடைந்து எண்ணெயைச் சேர்த்து வைத்தார்கள். 1940-இல் தொடங்கி 1943-இல் முடித்தார்கள். மொத்தம் 20 தொட்டிகள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி அகலம். ஒவ்வொன்றும் 1 கோடியே 25 லட்சம் காலன் கொள்ளும். அதாவது 4 கோடியே 70 லட்சம் லிட்டர்! போர்க்காலப் பொறியியலின் பெருமை என்று புகழ்ந்தார்கள். புகழட்டும்; உழைத்த கைகள் புகழுக்கு உரியனவே. ஆனால் அந்தப் பெருமைக்கு 100 அடி கீழே இருந்தது என்ன தெரியுமா? தீவு மக்களின் குடிநீர்! தலைக்குமேல் எண்ணெய், காலடியில் தண்ணீர், நடுவே வெடிப்புகள் நிறைந்த எரிமலைப் பாறை.

2014-இல், பழுது பார்த்து மீண்டும் நிரப்பிய 5-ஆம் தொட்டியிலிருந்து ஏறக்குறைய 27,000 காலன், அதாவது 1 லட்சம் லிட்டர், வெளியேறியது. நகர நீர் வாரியம் எச்சரித்தது. மக்கள் முறையிட்டனர். 2015-இல் கடற்படையும் அரசுத் துறைகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆய்வு செய்வோம், மேம்படுத்துவோம், கண்காணிப்போம் என்றார்கள். தொட்டிகள் மட்டும் தொடர்ந்து எண்ணெய் சுமந்தன.

2021 மே 6-ஆம் நாள் மீண்டும் ஒரு கசிவு. ஏறக்குறைய 1,600 காலன்தான் சிந்தியது, பெரும்பகுதியை அள்ளிவிட்டோம் என்றார்கள். உண்மையில் ஏறத்தாழ 20,000 காலன் விமான எரிபொருள், தீயணைப்பு அமைப்பின் வடிகுழாய்க்குள் புகுந்து ஆறு மாதம் அமைதியாகக் கிடந்தது. கணக்கில் குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை காணாமல் விட்டார்கள். மளிகைக் கடையில் ஒரு படி எண்ணெய் குறைந்தால் வேலையாளை நிறுத்திவைத்துக் கேட்கும் உலகம் இது. 20,000 காலன் குறைந்தபோது அமெரிக்கக் கடற்படை கணக்கை நேர் செய்யவில்லை! அவ்வாண்டு நவம்பர் 20-இல் ஒரு வண்டி அந்தக் குழாயின் திறப்பில் மோதியது. எண்ணெய் கொட்டியது; கிணற்றை அடைந்தது; குழாய் வழியே வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தக் குடிநீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 93,000 பேர்.

குழாயைத் திறந்தால் எண்ணெய் நாற்றம். குழந்தைகளுக்கு வாந்தி, தோலில் தடிப்பு, தலைவலி. தாய்மார்கள் கேட்டார்கள். கிடைத்த பதில் என்ன? நீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி எதுவும் இல்லை. நானும் என் அலுவலர்களும் இன்று காலை இதே நீரைத்தான் குடிக்கிறோம் என்று தளத்தின் தலைவர் அறிவித்தார். பின்னர் அவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

தோழர்களே! இந்தப் பதிலைச் சற்று நிறுத்திப் பாருங்கள். "நான் குடித்தேன், நீயும் குடி" என்பது ஆய்வா, அருள்வாக்கா? பூசாரி தீ மிதித்துக் காட்டினால் தெய்வம் மெய்யாகிவிடுமா? தளபதி தண்ணீர் குடித்துக் காட்டினால் தண்ணீர் தூயதாகிவிடுமா? அவர் உளமார நம்பியே சொல்லியிருக்கலாம். அதனால் என்ன? பென்சீன் பதவியைப் பார்ப்பதில்லை, நம்பிக்கையைப் பார்ப்பதில்லை. அறிவுக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், சொல்பவர் யார் என்பதை அளவுகோலாக்கவில்லை. சொல்லப்படுவதன் மெய்யைக் காணச் சொன்னார். பெரியார் தெருத்தெருவாகச் சென்று கற்பித்ததும் அதுவே. மெய் எங்கே இருந்தது? தளபதியின் தொண்டைக்குள் அல்ல, ஆய்வகத்தின் குப்பிக்குள்!

அதன் பின் நடந்தவை உலகறியும். மாசு தன் பக்கம் இழுக்கப்படும் என்று அஞ்சி, ஹொனலுலு நகர நீர் வாரியம் தன் ஹாலாவா நீர்ச்சுரங்கத்தை நிறுத்தியது. எண்ணெயை அகற்றுக என்று ஹவாய் மாநில நலத்துறை 2021 டிசம்பரில் ஆணையிட்டது. கடற்படை அந்த ஆணையை எதிர்த்தது. மக்கள் விடவில்லை. 2022 மார்ச் 7-இல் தொட்டிகளை நிரந்தரமாக மூடுவதாக அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். விபத்து தவிர்த்திருக்கக்கூடியது என்று கடற்படையின் விசாரணையே அவ்வாண்டில் ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபரில் எண்ணெயை வடிக்கத் தொடங்கினார்கள். வடித்தது 10 கோடி காலனுக்கும் மேல். தண்டனை? ஓய்வு பெற்றுவிட்ட மூன்று தளபதிகளுக்குக் கண்டனக் கடிதம்! 2025-இல், வழக்குத் தொடுத்தவர்களில் முதல் 17 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எண்ணெய் வடிந்துவிட்டது. அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. மலைப்பாறைக்குள் புகுந்தது எவ்வளவு, நகர்வது எத்திசையில், தேய்வது எந்த வேகத்தில் என்று கண்காணிப்புக் கிணறுகளைத் தோண்டிப் பார்க்கும் வேலை அதன் பிறகும் தொடர வேண்டியதாயிற்று. தொட்டியின் வாழ்நாள் முடிந்த இடத்தில் கண்காணிப்பின் வாழ்நாள் தொடங்குகிறது!

இங்கேதான் ஏமாற்று வித்தைக்கும் இடம் இருக்கிறது. "கண்காணிக்கிறோம்" என்ற ஒரு சொல்லைக் காட்டியே வாயை அடைத்துவிடுவார்கள். ஆகவே, பகுத்தறிவாளன் ஐந்து கேள்விகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி: கிணறு எங்கே? நிலத்தடி நீர் ஒரு திசையில் நகர்கிறது. அத்திசையை அறியவே குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டம் வேண்டும். தொட்டிக்கு மேற்புறம் ஒன்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கீழ்ப்புறம் பல இருந்தால்தான் நஞ்சைப் பிடிக்கலாம். மேற்புறம் மட்டும் தோண்டிவிட்டு "மாசு இல்லை" என்பவர், திருடன் கிழக்கே ஓடும்போது மேற்கே தேடிவிட்டுத் திருட்டே நடக்கவில்லை என்று எழுதும் காவலருக்கு அண்ணன்!

இரண்டாம் கேள்வி: எந்த ஆழம்? எண்ணெய் மிதப்பது நீரின் மேல்மட்டத்தில். கிணற்றின் துளைக்குழாய் அம்மட்டத்துக்கு வெகு கீழே திறந்திருந்தால், எண்ணெய் மேலே மிதக்கும். மாதிரி கீழே சிரிக்கும்.

மூன்றாம் கேள்வி: எத்தனை முறை? ஒரு நாள் எடுத்த மாதிரி அந்த ஒரு நாளுக்கே சாட்சி. மழைக்கு முன்னும் பின்னும், கோடையிலும், ஆண்டுக்கு ஆண்டும் பார்க்க வேண்டும். நீரை இறைத்துச் சுத்தம் செய்யும்போது அளவு குறையும். இறைப்பதை நிறுத்தினால் மண்ணில் ஒட்டியிருப்பது மீண்டும் கரைந்து அளவு ஏறுவதும் உண்டு. குறைந்த நாளில் கோப்பை மூடுபவர், காய்ச்சல் தணிந்த வேளையில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்.

நான்காம் கேள்வி: எதைத் தேடினீர்கள், எப்படித் தேடினீர்கள்? "கண்டறியப்படவில்லை" என்பது "இல்லை" என்பதன் மறுபெயர் அன்று. அந்தக் கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே என்பதே பொருள். அந்த அளவு என்ன என்று எழுதாத அறிக்கை பாதி அறிக்கை. மாதிரி எடுத்த முறையும் தெரிய வேண்டும். பென்சீன் எளிதில் ஆவியாகும். குப்பியில் காற்றுக் குமிழி இருந்தால் அதற்குள் தப்பிவிடும். குப்பி விளிம்புவரை நிரம்ப வேண்டும்; குளிர்ச்சியில் வைத்து விரைவில் ஆய்வகம் சேர வேண்டும். வாளியில் மொண்டு வெயிலில் வைத்துவிட்டு நற்சான்று தருவது வேடிக்கை.

ஐந்தாம் கேள்வி: மாதிரியை எடுத்தவர் யார், சோதித்தவர் யார், முடிவை வெளியிட்டது எங்கே? தொட்டிக்கு உடையவரே மாதிரி எடுத்து, அவரே ஆய்வகத்துக்குக் கூலி கொடுத்து, அவரே முடிவைப் பெட்டிக்குள் பூட்டினால், குற்றவாளியே நீதிபதி என்றாகிவிடும். முடிவு தெருவுக்கு வர வேண்டும். ஊராட்சிப் பலகையில் தாய்மொழியில் எழுதப்பட வேண்டும்.

"இதற்கெல்லாம் செலவாகுமே!" என்று ஒரு குரல் எழும். ஆகும். ஆனால் செலவு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. கண்காணிக்காத முதலாளி மிச்சம் பிடிக்கும் பணத்தைக் கேன் தண்ணீருக்கும் மருத்துவமனைக்கும் ஏழை கட்டுகிறான். வசதி படைத்தவன் கிணறு கெட்டால் வேறு தண்ணீர் வாங்குவான். வாடகை வீட்டில் இருப்பவன் கெட்ட கிணற்றையே இறைப்பான். மண்ணுக்குள் நஞ்சு ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை. மண்ணுக்கு மேல் நாம் வகுத்த ஏற்றத்தாழ்வு பார்க்கிறது!

"யார் செத்தார்கள்? நிரூபியுங்கள் பார்ப்போம்!" என்று இன்னொரு குரல் எழும். இதற்கு விடை நம் மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது. வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தையும் நீரையும் கெடுத்த வழக்கில், 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவர்மீதே! நிரூபிக்க வேண்டியவர் பிணத்தைக் கேட்பது, சுமையைத் தள்ளிவிடும் தந்திரம்.

ஹவாய் எங்கோ இருக்கிறதே என்பாருக்கும் ஒரு சொல். 2013-இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவு அது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கடல் கடந்து, வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புப் பாறையின் நீரை நம்பி வாழும் சுன்னாகத்து மக்களின் கிணறுகளில் மின் நிலையத்து எண்ணெய் கலந்தது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இங்கெல்லாம் நஞ்சை முதலில் கண்டது கண்காணிப்புக் கருவி அன்று. கிணற்றில் வாளி விட்ட மக்கள்! அதுதான் வெட்கக்கேடு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல், புதிய பெட்ரோல் நிலையங்கள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று நெறி வகுத்தது. நல்லது. ஆனால் நிலத்தின்மேல் நாடா பிடித்து அளந்த தூரத்தை நிலத்தடி நீர் மதிக்குமா? மூடிவிட்ட பழைய நிலையத்தின் மேல் இன்று வீடு எழுந்திருக்கலாம், கடை எழுந்திருக்கலாம். அதன் அடியில் எந்த ஆண்டு தொட்டி புதைத்தார்கள், எந்த ஆண்டு எடுத்தார்கள், எடுத்தபோது மண்ணைச் சோதித்தார்களா என்று கேட்க, 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. கேட்டோமா?

இறுதியாக, நம் அணியினருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சமும் ஒரு மூடநம்பிக்கையாகலாம். அளக்காமல் "நலம்" என்பது எவ்வளவு பொய்யோ, அளக்காமல் "நஞ்சு" என்று கூவுவதும் அவ்வளவு பொய். சரியான இடத்தில், சரியான ஆழத்தில், பல பருவங்களில், நடுநிலையான கைகள் எடுத்த மாதிரி "தூய்மை" என்று சொன்னால், அதை மகிழ்ச்சியோடு ஏற்கும் நேர்மையும் நமக்கு வேண்டும். எண்ணெயைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. காலப்போக்கில் நஞ்சு தேய்வதும் உண்டு. தேய்ந்ததா இல்லையா என்பதை ஆசை சொல்லக்கூடாது, ஆத்திரமும் சொல்லக்கூடாது; அளவு சொல்ல வேண்டும். நாம் கேட்பது பழி அன்று, பதிவு. சலுகை அன்று, சான்று.

இளைஞனே! உன் ஊரில் மூடிக்கிடக்கும் பெட்ரோல் நிலையம் எது, பணிமனை எது, எண்ணெய்க் கிடங்கு எது என்று முதலில் ஒரு பட்டியல் எழுது. சுற்றியுள்ள கிணறுகளை எண்ணு. அவற்றின் நீரைக் குடிப்பவர் யார் என்று கேள். அதிகாரிக்கு எழுது, பதில் வராவிடில் மேல்முறையீடு செய். பதில் வந்தால் இந்த ஐந்து கேள்விகளால் அதை உரசிப் பார். பொன்னாக இருந்தால் போற்று. பித்தளையாக இருந்தால், ஊரைக் கூட்டி உரக்கச் சொல்!